கம்பத்தில் கொக்கி போட்ட பாட்டு

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். என்ஜினியரிங் இரண்டாம் வருடம். காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்ததை அன்று ஏனோ எல்லாரும் கேட்கும்படி வைத்துவிட்டான். ஒருவன் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போகிறான், பின்னால் தாளம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ராகம் என்று ஒன்றும் இல்லை.

"இதென்னடா, பாட்டா? மீன் ஏலம் விடுற மாதிரி இருக்கே" என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "தாத்தா, இது உங்களுக்குத்தான் முதல்ல பிடிக்கணும். இது வளர்ந்ததே தெருவிளக்குல கொக்கி போட்டுத்தான்" என்றான்.

என் பதிவுகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் முப்பத்து நான்கு வருடம் மின்சார இலாகாவில் குப்பை கொட்டியவன். அதில் ஆறு வருடம் மின்திருட்டு பிடிக்கிற பறக்கும் படையில் இருந்தேன். கொக்கி என்ற சொல் காதில் விழுந்தால் இன்றைக்கும் கை தானாக டெஸ்டரைத் தேடும். எனவே அவன் போன பிறகும் விடாமல் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், கேட்டேன். ஹிப்ஹாப் என்கிற இந்தச் சங்கீதத்தின் கதை முழுக்க ஏதோ ஒரு விதத்தில் திருட்டுக் கதைதான். ஆனால் யார் யாரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்று பார்த்தால், நான் நினைத்திருந்த மாதிரி இல்லை.

நியூயார்க் நகரத்தின் வடக்கே பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. 1948ல் தொடங்கி 1972 வரை அதன் குறுக்கே ஒரு நெடுஞ்சாலை போட்டார்கள். ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி போட்ட திட்டம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு காலி செய்தன. கையில் காசு இருந்தவர்கள் ஊரைவிட்டே போனார்கள், போக வழியில்லாத கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் தங்கிப்போனார்கள். வாடகை வராத கட்டடத்தை வைத்திருப்பதைவிட அதைக் கொளுத்திவிட்டு இன்ஷூரன்ஸ் பணம் வாங்குவது லாபம் என்று வீட்டுக்காரர்களில் பலர் கண்டுபிடித்தார்கள். தெருத்தெருவாக எரிந்தது. அதே காலத்தில் நகராட்சி சிக்கனம் என்று சொல்லித் தீயணைப்பு நிலையங்களை மூடியது!

அந்த பிராங்க்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில், 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி ஒரு விருந்து நடந்தது. சிண்டி கேம்பல் என்ற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும். சின்னச் சின்ன அட்டைகளில் கையால் எழுதி அழைப்பிதழ் கொடுத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். பாட்டுப் போட அவளுடைய அண்ணன் கிளைவ் இருந்தான். வயது 18. ஆள் பலசாலி என்பதால் ஹெர்குலிஸ் என்று கூப்பிட்டு, அது சுருங்கி 'கூல் ஹெர்க்' ஆகியிருந்தது. உலகமே ஹிப்ஹாப் பிறந்த நாளாகக் கொண்டாடுவது இந்தத் தேதியைத்தான்.

இந்தக் குடும்பம் ஜமைக்காவிலிருந்து வந்தது. ஜமைக்காவில் 'சவுண்ட் சிஸ்டம்' என்று ஒரு பழக்கம் உண்டு. வேறொன்றுமில்லை, நம்முடைய மைக் செட்தான். பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி, ரிக்கார்டு போட்டு, இடையிடையே ஒருவர் மைக்கில் தாளத்தோடு பேசுவார். நம் ஊர்க் கல்யாணத்தில் மைக் செட்காரர் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று தொடங்கி, மாப்பிள்ளை வீட்டாரைப் பாராட்டி, காணாமல் போன குழந்தையின் சட்டை நிறம் வரை சொல்வாரே, அதையே எதுகை மோனையோடு சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி. யார் மைக் செட் பெரியது என்று தெருவுக்குத் தெரு போட்டி வேறு. ஹெர்க் தன் ரிக்கார்டுகளின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவாராம், என்ன பாட்டு என்று அடுத்த செட்காரனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. இந்தக் குணம் எனக்கு மிகவும் பரிச்சயமானது. எங்கள் தெருக்கோடி மைக் செட் கடைக்காரர் உறையை மாற்றிப் போட்டு வைப்பார்.

ஹெர்க் கவனித்தது ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்து ஃபங்க் பாட்டுகளில், நடுவில் பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் தனியாகச் சில விநாடி வரும். இதற்கு 'பிரேக்' என்று பெயர். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் மாதிரி. ஒரு வித்தியாசம், நம் சபாக்களில் தனி ஆரம்பித்ததும் பாதிப்பேர் கேண்டீனுக்குக் காபி சாப்பிடப் போய்விடுவார்கள். பிராங்க்ஸ் பிள்ளைகளோ அதற்காகவே காத்திருந்து, அந்தச் சில விநாடியில்தான் நடுவே பாய்ந்து ஆடினார்கள். ஹெர்க் என்ன செய்தார் என்றால், ஒரே ரிக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு பிளேயரில் வைத்தார். முதல் தட்டில் பிரேக் முடியும்போது இரண்டாவது தட்டில் அதே பிரேக்கைத் தொடங்குவது. அது முடிவதற்குள் முதல் தட்டைப் பின்னால் கொண்டுவருவது. பத்து விநாடித் தனி ஆவர்த்தனம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நீண்டது. ஹிப்ஹாப்பின் அடிப்படை இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன்மேல் கட்டியது. பிரேக்கில் ஆடியவர்கள்தான் 'பிரேக் டான்ஸ்' ஆடியவர்கள். ஆட்டத்தைச் சூடேற்ற மைக்கில் பேசியவர்கள்தான் பின்னால் ராப் பாடகர்கள் ஆனார்கள்.

என் புத்திக்கு எட்டுகிற ஆள் அடுத்து வந்தவர்தான். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். பிறந்தது பார்படாஸ் தீவில். தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த பையன். ஹெர்க் முள்ளைக் கண்ணால் பார்த்து உத்தேசமாக வைக்க, சில சமயம் தாளம் தவறிவிடும். ஃபிளாஷ் அதைப் பொறுக்கமாட்டார். பிரேக் தொடங்கும் இடத்தைத் தட்டின்மேல் கிரேயானால் குறித்துக்கொண்டார். எத்தனை சுற்றுப் பின்னால் சுழற்றினால் அந்த இடம் வரும் என்று கணக்கு வைத்தார். ஒரு தட்டு ஊருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டைத் தான் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டுத் தயார் செய்ய ஒரு ஸ்விட்சைத் தானே சால்டர் வைத்துப் பொருத்தினார். எங்கள் இலாகாவில் இருந்திருந்தால் நல்ல டெஸ்டிங் அசிஸ்டென்ட் ஆகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

'கிரீச் கிரீச்' என்று தட்டைத் தேய்க்கும் சத்தம் வருமே, அதைக் கண்டுபிடித்தவர் கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற சிறுவன். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், அறைக்குள் பாட்டைச் சத்தமாக வைத்திருக்க, அம்மா வந்து கதவைத் தட்டித் திட்டினார். அவர் பேசுவதைக் கேட்பதற்காகப் பையன் சுழலும் தட்டின்மேல் கையை வைத்துப் பிடித்தான். கை முன்னும் பின்னும் அசைய, முள்ளுக்கடியில் ஒரு புதுச் சத்தம் வந்தது. உலகம் முழுக்க இன்று பயன்படும் உத்தி, ஒரு தாயாரின் திட்டில் பிறந்தது.

இப்போது கொக்கிக்கு வருகிறேன். வெயில் காலத்தில் இவர்கள் பூங்காவிலும் பள்ளி மைதானத்திலும் கச்சேரி வைப்பார்கள். கரண்டுக்கு எங்கே போவது? அங்கே தெருவிளக்குக் கம்பத்துக்கு மின்சாரம் பூமிக்கடியில் வருகிறது. கம்பத்தின் அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும், திறந்தால் உள்ளே வயர். அதில் இவர்கள் தங்கள் வயரைச் சேர்த்துவிடுவார்கள். நம் ஊரில் மேலே ஓடும் கம்பியில் கழி வைத்துக் கொக்கி மாட்டுவதைவிட இது உயிருக்குச் சற்றுப் பாதுகாப்பு. ஆனால் சட்டப்படி இரண்டும் ஒன்றே.

1977 ஜூலை 13, புதன்கிழமை இரவு. பிராங்க்ஸ் பூங்கா ஒன்றில் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற இளைஞரும் அவர் கூட்டாளி டிஸ்கோ விஸ்ஸும் இப்படிக் கம்பத்தில் வயர் போட்டுப் பாட்டு நடத்திக்கொண்டிருந்தார்கள். இரவு ஒன்பதரை மணிவாக்கில் ஆம்ப்ளிஃபயர் செத்தது. கம்பத்து விளக்கு அணைந்தது. பக்கத்துக் கம்பம், அடுத்த கம்பம், தெருமுழுக்க, கண்ணுக்கெட்டிய வரை இருட்டு. நாம் போட்ட வயரால்தான் ஊரே போய்விட்டதென்று இருவரும் நடுங்கிப்போனார்களாம்.

உண்மையில் நடந்தது வேறு. நகரத்துக்கு வடக்கே ஹட்சன் நதிக்கரைச் சப்ஸ்டேஷன் ஒன்றில் 8.37க்கு இடி விழுந்து பிரேக்கர்கள் டிரிப் ஆயின. அந்தச் சுமை மற்ற லைன்கள்மேல் விழ, அவையும் ஒவ்வொன்றாக விழுந்து, ஒரு மணி நேரத்தில் நியூயார்க் முழுவதும் இருண்டது. கரண்ட் முழுவதும் திரும்ப மறுநாள் இரவு ஆனது. என்னைப் போன்ற ஆட்களுக்கு இது தூக்கத்தில் வரும் கெட்ட கனவு. ஒரு பூங்காவின் மைக் செட்டால் ஒரு நகரம் விழாது, ஃபியூஸ்தான் போகும். அந்தப் பையன்களுக்கு அது எப்படித் தெரியும்?

அந்த இருட்டில் கடைகளைச் சூறையாடினார்கள். 3,700 பேருக்கு மேல் கைது. காஸும் ஒரு கடையிலிருந்து மிக்சர் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு போனதாகப் பின்னாளில் தானே சொல்லியிருக்கிறார். அந்த ராத்திரிக்குப் பிறகு பிராங்க்ஸில் தெருவுக்கொரு மைக் செட் முளைத்தது என்பதும் அவர் சொல்வதுதான். நான் நியாயப்படுத்தவில்லை. கடைக்காரன் வயிற்றில் அடித்ததை எந்தச் சங்கீதமும் ஈடுசெய்யாது.

ஆனால் அதே காஸுக்கு இரண்டே வருடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அதுவரை ராப் என்பது நேரில் கேட்பது, அல்லது கேசட்டில் பதிந்து கைமாறுவது. அதை ரிக்கார்டாகப் போட்டால் விற்கும் என்று நியூ ஜெர்சியில் சில்வியா ராபின்சன் என்ற அம்மையாருக்குத் தோன்றியது. பாட ஆள் தேடினார்கள். பிட்சாக் கடையில் வேலை பார்த்த ஹாங்க் என்பவர், மாவைத் தட்டிக்கொண்டே கேசட்டோடு சேர்ந்து ராப் பாடுவதைக் கேட்டுப் பிடித்துப் போட்டார்கள். அந்தக் கேசட் காஸுடையது. ஹாங்க் ஓடிப்போய் காஸிடம் கேட்க, அவரும் நண்பன்தானே என்று தன் பாட்டு நோட்டையே தூக்கிக் கொடுத்தார். 1979ல் 'ராப்பர்ஸ் டிலைட்' வந்தது. பதினான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஊர் உலகமெல்லாம் ராப் என்பதை முதலில் கேட்டது அதில்தான். அதில் ஹாங்க் பாடிய பகுதியில், பாடுகிறவர் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அது ஹாங்கின் பெயர் இல்லை, காஸின் பட்டப்பெயர்! அதைக்கூட மாற்றவில்லை. நம் தமிழில் புலவர்கள் கடைசி அடியில் முத்திரை வைப்பார்களே, அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போன மாதிரி. காஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. அந்தப் பாட்டின் பின்னணி 'ஷிக்' என்ற குழுவின் பாட்டிலிருந்து எடுத்தது. அவர்கள் வக்கீலை வைத்துப் பேசிப் பெயரும் பங்கும் வாங்கிக்கொண்டார்கள். காஸிடம் வக்கீல் இல்லை.

இதற்குப் பிறகு வந்த வகைகளை எல்லாம் பேரன் ஒரு சாயங்காலம் போனில் வகுப்பெடுத்தான். எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். 1982ல் 'தி மெசேஜ்' வந்தது. அதுவரை கொண்டாட்டமும் ஜம்பமும்தான் பேச்சு. இதில்தான் உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான், கடன்காரன் என்று தெருவின் அவலம் உள்ளே வந்தது. ஃபிளாஷின் குழுப் பெயரில் வந்தாலும் குரல் கொடுத்தவர்கள் மெல்லி மெல்லும் டியூக் பூட்டியும்தான். இப்படிச் சோகப்பாட்டுப் பாடினால் யார் ஆடுவார்கள் என்று குழுவிலேயே பயந்தார்களாம். அதே வருடம் வந்த 'பிளானட் ராக்' முழுக்க மின்னணுத் தாளப்பெட்டி, 808 என்ற ஜப்பானியக் கருவி. அதன் 'தும்' என்கிற அடித்த சத்தம் இன்றைக்கும் ஓயவில்லை.

அப்புறம் குயின்ஸிலிருந்து ரன் டிஎம்சி, கிதாரோடு, கத்திப் பாடுகிறவர்கள். 1987ல் ராக்கிம். இவர் ஒருவரை மட்டும் நம் தமிழ் வாத்தியார்கள் கேட்க வேண்டும். முன்னவர்கள் வரிக் கடைசியில் மட்டும் இயைபு வைத்தார்கள். சாக்ஸஃபோன் வாசித்துப் பழகிய இந்த மனிதர் வரிக்குள்ளேயே எதுகையை அடுக்கி, ஒரு வரியின் வாக்கியத்தை அடுத்த வரியில் கொண்டுபோய் முடித்தார், அதுவும் குரலை உயர்த்தாமல். நேருக்கு நேர் நின்று ஒருவரை ஒருவர் பாட்டால் மடக்கும் போட்டியும் இவர்களிடம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடிய லாவணி கேட்டு வளர்ந்த எனக்கு, இதில் மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை.

1988ல் பப்ளிக் எனிமி, அரசியல். அதே வருடம் மேற்குக் கரையில் காம்ப்டனிலிருந்து என்.டபிள்யூ.ஏ., கெட்டவார்த்தையும் போலீஸ்மேல் கோபமும். அதிலிருந்து பிரிந்த டாக்டர் டிரே 1992ல் வேகத்தைக் குறைத்து, ஊளையிடுகிற மாதிரி ஒரு சிந்தசைசர் சத்தத்தை மேலே ஓடவிட்டார். இது காரில் போகிறவர்களுக்கான சங்கீதம். கிழக்கு மேற்குச் சண்டை முற்றி, 1996ல் டுபாக், 1997ல் பிக்கி என்று இரண்டு இளைஞர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். ஒருவருக்கு 25 வயது, மற்றவருக்கு 24. பிறகு தெற்கே அட்லாண்டா தலைதூக்கியது, அங்கிருந்து 'டிராப்'. அடியில் அந்த 808, மேலே ஊசித் தூறல் மாதிரி விடாத சிம்பல். என் பேரன் வைத்துக் கேட்பது இந்த ரகம். 2018ல் கெண்ட்ரிக் லாமருக்குப் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். சாஸ்திரிய சங்கீதத்துக்கும் ஜாஸுக்கும் வெளியே ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் தடவை.

நம் பக்கம் இது வந்த கதை உங்களுக்கே தெரியும். 1994ல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்'. 2006ல் மலேசியத் தமிழர் யோகி பி குழுவினர், 'நிழல்கள்' படத்து 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதன்மேல் தமிழில் ராப் பாடினார்கள். அப்போது நான் "இளையராஜா பாட்டைக் கெடுக்கிறான்கள்" என்று திட்டியது நினைவிருக்கிறது. இப்போது புரிகிறது, பழைய ரிக்கார்டின்மேல் புதுப்பேச்சு என்பதுதான் இதன் இலக்கணமே.

அந்த இலக்கணத்தில்தான் அடுத்த திருட்டு. எண்பதுகளில் 'சாம்பிளர்' என்ற கருவி வந்ததும், இரண்டு தட்டுக்கு அவசியமில்லை. பழைய ரிக்கார்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டலாம். 1969ல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஒரு ரிக்கார்டின் பின்பக்கத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்று ஒன்றைப் பதிந்தது. அதில் ஏழு விநாடிக்குக் கிரெகரி கோல்மன் என்பவர் தனியாக டிரம்ஸ் வாசித்தார். அந்த ஏழு விநாடி ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஏறிவிட்டது. கோல்மனுக்கு ஒரு காசு வரவில்லை. 2006ல் அட்லாண்டாவில் வீடு வாசல் இல்லாதவராகச் செத்துப்போனார். ஜேம்ஸ் பிரவுனிடம் வாசித்த கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்டு கதையும் கிட்டத்தட்ட இதேதான். பாட்டு முதலாளி பேரில், தாளம் வாசித்தவருக்கு அன்றைக்குக் கொடுத்த கூலியோடு சரி. சாம்பிள் எடுத்த பையன்கள் மட்டும் திருடினார்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை, சட்டப்படி எழுதின காகிதத்திலேயே அந்த மனிதர்களின் பெயர் இல்லையே.

1991ல் ஒரு வழக்கு. பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்துவிட்டார். நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பைத் தொடங்கியதே திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு. அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, கட்டணம். காசுள்ள கம்பெனிகள் சமாளித்தன. பப்ளிக் எனிமி மாதிரி ஒரு பாட்டில் பத்து இருபது துண்டு அடுக்கிய பாணி அதோடு ஓய்ந்தது. பறக்கும் படையில் இருந்த காலத்தில் இந்தத் தீர்ப்பைப் படித்திருந்தால் கைதட்டியிருப்பேன்.

1983, ஆடி மாதம். ஊர் பெயர் வேண்டாம். ஊருக்கு வெளியே காலனியில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்த்தல். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து முப்பதடி வயர் இழுத்து மைக் செட் பாடிக்கொண்டிருக்கிறது. புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர். தற்காலிக இணைப்புக்குப் பணம் கட்டவில்லை. கட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் காலனியில் கம்பம் வந்து இரண்டு வருடம், ஒரு வீட்டுக்கும் இணைப்பு இல்லை, யாரிடமும் பட்டா இல்லாததால். அதுவும் எனக்குத் தெரியும், அவர்களுடைய மனுக்கள் என் மேஜையைத் தாண்டித்தான் திரும்பிப் போயின.

மைக் செட் பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். "சார், இந்த ஒரு பாட்டு முடியட்டும் சார்" என்றான். நான் லைன்மேனைப் பார்த்துத் தலையசைத்தேன். ஆம்ப்ளிஃபயர் உடனே அடங்கிவிட்டது. தட்டு மட்டும் வேகம் குறைந்து, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பையன் அதன்மேல் கையை வைத்து நிறுத்தினான். முள்ளைத் தூக்கி, தட்டைச் சட்டையில் துடைத்து, உறையில் போட்டான். கஞ்சிக் குண்டானைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரும் பேசவில்லை.

இதைப் பேரனிடம் சொன்னபோது, "எவ்வளவு ஃபைன் போட்டீங்க தாத்தா?" என்று கேட்டான். நூற்று இருபது ரூபாய். கோயில் உண்டியல் சில்லறையாகக் கொண்டுவந்து எண்ணினார்கள். ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.